காலி இடத்தில் ஒரு சீட்டு

ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் முழங்கால் மருந்தை நிறுத்திவிட்டதாக அம்மா கோள் சொன்னாள்.

பஞ்சாலைத் தீ விபத்து பற்றிய என் ஆய்வு முட்டி நிற்கிறது. உள்ளே இருந்தவர்கள் ஒன்பது பேர் என்றது நிர்வாகம். இறந்தவர்களின் வீட்டார் முப்பதுக்கு மேல் என்கிறார்கள். விசாரணைக்காக ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்த வருகைப்பதிவேட்டைக் காணவில்லை. அப்போது அங்கே பதிவறை எழுத்தர் நீங்கள்தானே. எங்கே போயிருக்கும்?

உங்கள் மகள்

ஜூன் 11

அன்பு மகளுக்கு,

அம்மா சொல்வதையெல்லாம் நம்பாதே. அந்த அறை மழைக்கு ஒழுகும். கரையான் தின்றிருக்கும். இல்லாததைத் தேடி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் வேறு தலைப்பு எடுத்துக்கொள்.

அப்பா

ஜூன் 19

அப்பா,

கரையான் கையெழுத்துப் போடாது.

இன்று அலமாரியை நானே பார்த்தேன். பதிவேடு இருந்த இடத்தில் மஞ்சள் சீட்டு. எதை எடுத்தாலும் அந்த இடத்தில் சீட்டு வைக்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். வீட்டில் கதைப்புத்தகம் எடுத்தால்கூட என்னை எழுதவைப்பீர்கள். பதிவேட்டு எண், எடுத்த தேதி, உங்கள் கையெழுத்து எல்லாம் இருக்கின்றன. திரும்பிய தேதி மட்டும் காலி.

"பார்த்துக்கம்மா, உங்கப்பா பேருதான் கெடும்" என்றார் காப்பாளர். முப்பதாம் தேதி கட்டுரை அச்சுக்குப் போகிறது. நீங்கள் பதில் போட்டாலும் போடாவிட்டாலும் சீட்டைப் பற்றி எழுதத்தான் போகிறேன். அதற்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மகள்

ஜூன் 25

அன்பு மகளுக்கு,

எடுத்தது நான்தான்.

விசாரணைக்கு முந்தின நாள் மேலதிகாரி கூப்பிட்டார். "அது இங்க இருக்கக் கூடாதுய்யா. பொண்ணு பெத்தவன், யோசிச்சுக்க" என்றார். பயந்துவிட்டேன். அவர் கண்முன்னாலேயே கொளுத்தினேன். தீயில் போனவர்களை இரண்டாம் முறையும் எரித்தேன்.

சீட்டு வைத்தது பழக்கதோஷம். எரிக்கப்போகிற ஏட்டுக்கும் சீட்டு எழுதியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மறுநாள் அதை எடுத்துவிடப் போனேன். மனம் வரவில்லை.

கொளுத்துமுன் தீப்பிடித்த நாளின் பக்கத்தில் பெயர்களை எண்ணினேன். முப்பத்துநாலு பேர். அதில் பதினொரு பெயர்தான் நினைவிருக்கிறது, பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மற்றவர்களை மறந்துவிட்டேன் அம்மா. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

'மேலிடத்து வற்புறுத்தலால்' என்று எனக்காக ஒரு வரி சேர்ப்பாய். உன்னை எனக்குத் தெரியும். மிரட்டியவரைப் பற்றித் தாராளமாக எழுது. என்னைக் காப்பாற்ற எழுதாதே.

சீட்டில் ஒரு கட்டம் காலி என்றாயே. அதை அப்படியே விடக் கூடாது. 'எரிக்கப்பட்டது' என்று எழுதி, எரித்தவன் என்று என் பெயரைப் போடு.

அப்பா