புளி போட்டுத் தேய்த்த வால்வு

என் மாமாவுக்கு,

உங்கள் காக்கிச் சட்டையில் டீசல் வாசனை இன்னும் போகவில்லை. நான் துவைக்கவும் இல்லை. கொடியில் அப்படியே தொங்குகிறது.

வண்டி விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். என்னை விட்டால் வேறு யார் உங்களுக்குச் சொல்லப்போகிறார்கள்?

நீங்கள் போன பிறகு பிக்கப்பை என் தம்பி குமார்தான் ஓட்டுகிறான். முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏற்றி, நானும் பக்கத்தில் உட்கார்ந்து, சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போகிறோம். நிதானமாகத்தான் ஓட்டுகிறான். ஆனால் ஏலம் முடிகிற வரைக்கும் எஞ்சினை நிறுத்த மாட்டான். நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாதோ என்று பயம். நீங்கள் இருந்திருந்தால் சாவியைப் பிடுங்கியிருப்பீர்கள். "நின்ன எடத்துலயே பொகைய குடிச்சிகினு இருந்தா வண்டிக்கு மட்டும் நெஞ்சு அடைக்காதாடா மச்சான்?" என்று கேட்டிருப்பீர்கள்.

அடைத்துத்தான் போனது. மீன்பிடித் தடை முடிந்து மறுபடி வண்டி ஓட ஆரம்பித்ததிலிருந்தே கறுப்புப் புகை. வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது முனகிற்று. மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்த ஒருவர் பக்கத்தில் வந்து, "ஏம்மா, மீன இங்கியே சுட்டு எடுத்துகினு போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெரிய மாமாவுக்கு அது போதுமானதாக இருந்தது. உங்கள் அண்ணனுக்கு என்மேல் கோபம் ஒன்றும் இல்லை, கவலைதான். "பொம்பளப் புள்ள வண்டிய வெச்சிகினு மாரடிக்க முடியாது. வித்துட்டு ஊட்டோட இரு, நாங்க பாத்துக்கறோம்" என்றார். பண்ருட்டியில் பலாப்பழ வியாபாரி ஒருவரிடம் பேசியும் முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிப் பார்ப்பாராம். அவரை எதிர்த்து நான் என்றைக்குப் பேசியிருக்கிறேன்?

வண்டி போய்விட்டால் நான் என்ன செய்வேன் மாமா? வீட்டில் உட்கார்ந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அந்த முன் சீட்டில் இருக்கும்போதுதான் எனக்குச் சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது.

பெரிய மாமாவே குமாரிடம் சொன்னார்: "பொகைய பாத்தா அந்தாளு ஓடிப்பூடுவான். உங்க மாமன் என்னமோ கழட்டித் தொடைப்பானே, அத செய்யி."

அந்த ஈ.ஜி.ஆர். வால்வைத்தான் சொன்னார். எஞ்சின் விட்ட புகையில் கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்கே அனுப்புகிறதே, அது. சனிக்கிழமை மத்தியானம் குமார் பானெட்டைத் திறந்து, நீங்கள் செய்கிற மாதிரியே ஒயரை முதலில் உருவிவிட்டுப் போல்ட்டைக் கழற்றினான். உள்ளே அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து அப்பிய மாதிரி இருந்தது. மூட வேண்டிய தட்டு மூடாமல் பாதியில் சிக்கிக் கிடந்தது. பழைய டூத் பிரஷை வைத்துத் தேய்த்தோம். பாதியில் கரி கரைக்கிற ஸ்பிரே தீர்ந்துவிட்டது. வால்வைச் செய்தித்தாள் மேல் வைத்துவிட்டு, ஸ்பிரேயும், பூட்டும்போது இடையில் வைக்கிற புது கேஸ்கெட்டும் வாங்க அவன் கிளம்பினான். நான் மீனுக்கு ஐஸ் சொல்லிவிட்டு வரப் போனேன்.

திரும்பி வந்தால் செய்தித்தாள் மட்டும் இருந்தது. குழாயடியில் அம்மா உட்கார்ந்து, உங்கள் தெவசத்துக்காகக் குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளம் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுவிக் கவிழ்த்த சாமான்களுக்கு நடுவில் வால்வும் இருந்தது. அதன் மோட்டாரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எம்மா, இன்னா பண்ணி வெச்சிருக்க?" என்று குமார் ஓடிவந்தான்.

"உம் மாமன் சாமான்டா. கரியா கெடந்துச்சு, தேச்சேன். நல்லாத்தான இருக்கு?"

"அதுல கரண்ட்டு மோட்டார் இருக்கும்மா. தண்ணி பட்டா செத்துடும்."

"அப்ப காய வெய்யி. கருவாடு காயல?"

குமார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமா வியாபாரியோடு வந்தார். பானெட் திறந்து கிடக்கிறது, வால்வு முறத்தில் வெயில் காய்கிறது. "பிரிச்சிப் போட்ட வண்டிய எப்பிடிங்க ஓட்டிப் பாக்கறது? பூட்டிட்டுச் சொல்லி அனுப்புங்க" என்று அவர் வந்த வழியே பஸ் ஏறிவிட்டார். பெரிய மாமா அம்மாவைப் பிடித்துக் கத்தினார். "எனக்கு இன்னாடா தெரியும் எஞ்சினப் பத்தி" என்று அவள் தன் தம்பிக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

நன்றாகக் காய்ந்த பிறகு மீதிக் கரியையும் எடுத்து, கேஸ்கெட் மாற்றிப் பூட்டினோம். ஸ்டார்ட் செய்த பிறகும் எஞ்சின் கோளாறு விளக்கு எரிந்தது. குமார் ஒயர் முனையைத் துடைத்து மறுபடி செருகினான். அணைந்துவிட்டது. மறுநாள் லோடோடு வெள்ளாற்றுப் பாலம் ஏறினோம். நான் கண்ணாடியில் பின்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். ரோடு சுத்தமாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் பெரிய மாமா உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை வியாபாரி மறுபடி வருகிறாராம்.

"வேணாம் மாமா. வண்டிய விக்கல" என்றேன். எப்படியோ முழுசாகச் சொல்லிவிட்டேன்.

"குமாரு நாளைக்கே கல்யாணங்கட்டிகினு போயிட்டா யாரு ஓட்டுவா?"

"நானு."

பெரிய மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "இந்த மீன் வாடையோட போனா எவன் உனுக்கு லைசென்ஸ் குடுப்பான்? குளிச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் சரி என்று சொல்வது இப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. முந்தின வருஷம் ஐப்பசி மழையில் நீங்கள் அந்த வால்வைக் கழற்றியபோது குடை பிடித்து நின்றது அம்மாதானே? "அக்கா, ஒரு சொட்டு தண்ணி படக்கூடாது" என்று நீங்கள் எத்தனை தடவை சொன்னீர்கள்? நான் அவளிடம் கேட்கவில்லை. நீங்களே உங்கள் அக்காவைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரம் வேண்டாம். அவள் அங்கே வர இன்னும் ரொம்ப நாள் ஆகட்டும்.

திங்கட்கிழமை முதல் டிரைவிங் பழகப் போகிறேன். அடுத்த தெவசத்துக்குள் சிதம்பரம் வரைக்கும் நானே ஓட்டிப் போவேன் மாமா, இது சத்தியம்.

உங்கள் அக்கா மகளும் மனைவியுமான
செல்வி