ஒற்றை எண்

மார்ச் 3
மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்கு நான் எழுதிக் கொடுத்த கணினி எச்சரிக்கை நிரல் ஓட ஆரம்பித்து ஒரு மாதம். அதற்குள் அலுவலகத்தில் அடுத்த வேலையைத் தலையில் கட்டிவிட்டார்கள். மதியச் சாப்பாடு டப்பாவோடு வீடு திரும்பியது. அம்மா டப்பாவைக் கழுவி வைத்தாள்.

மார்ச் 9
மருத்துவமனையிலிருந்து போன். நேற்று அந்தப் பிரிவில் ஒரே ஒரு குழந்தைதான். குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் பெட்டியின் சூடு இறங்கியும் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. பால் கொடுக்க வந்த நர்ஸக்கா பாதத்தைத் தொட்டிருக்கிறார். ஜில்லென்று இருந்ததாம். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். பிழைத்துவிட்டது.

மார்ச் 10
கண்டுபிடித்துவிட்டேன். பெட்டிகளிலிருந்து வரும் சூட்டின் அளவு, தனியாக வரும் ஒற்றை எண்ணா? இருக்க வேண்டிய சூட்டோடு நேரே ஒப்பிடு. பல எண்கள் உள்ள பட்டியலா? ஒவ்வொன்றாக ஒப்பிடு. நேற்று முன்தினம் வந்ததோ, ஒரே ஒரு எண் இருந்த பட்டியல். அது ஒற்றை எண்ணும் இல்லை, பல எண்களும் இல்லை. எதிலும் சேராமல், ஒப்பிடாமலே "சரி" என்று கடந்துபோயிருக்கிறது.
அந்த வரியை எழுதியது நான்.

மார்ச் 11
எங்களோடு நிரல் எழுதிக்கொண்டிருந்து, போன மாதம் வேலையை விட்டுப் போன கண்ணாடிக்காரர் செய்த பிழை என்று அறிக்கையில் எழுதச் சொல்கிறார் மேலாளர். "அவர்தான் இப்ப இங்க இல்லையே. யாருக்கு என்ன நஷ்டம்?"
தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன் ஆட்டினேன்?

மார்ச் 12
கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் போன் செய்தேன். மனைவி எடுத்தார். அவருக்குப் புது இடத்தில் வேலை கிட்டத்தட்ட முடிவாகிவிட்டதாம். எங்கள் அலுவலகத்தில் அவரைப் பற்றி விசாரித்துவிட்டுச் சேர்த்துக்கொள்வார்களாம். சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன்.
பிறகு உட்கார்ந்து, பிழை என்னுடையது என்று எழுதி, மருத்துவமனைக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். "உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்க" என்றார் மேலாளர். இருக்கட்டும் சார் என்றேன்.

மார்ச் 17
திருத்திய நிரலோடு மருத்துவமனைக்குப் போனேன். ஒரே ஒரு பெட்டியை, காலியாகத்தான், ஓடவிட்டுச் சூட்டைக் குறைத்தோம். மணி அடித்தது. நர்ஸக்கா முகத்தில் சிரிப்பில்லை.
"இனிமே இதை நம்பலாமாம்மா?"
"அடிச்சா நம்புங்கக்கா. அடிக்கலேன்னா... தொட்டுப் பாத்துடுங்க."
"அதை நான் எப்பவும் செய்வேன்" என்றார்.

ஏப்ரல் 2
இன்று முதல் என்னை ஊழியர் வருகைப் பதிவுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார் மேலாளர். நாற்காலி ஒரு பக்கம் சாய்கிறது. கண்ணாடிக்காரர் புது வேலையில் சேர்ந்துவிட்டாராம். நல்லது. மூன்று மணிக்கு மேஜையில் தலை சாய்த்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். யாரும் எழுப்பவில்லை.