நான் கற்றுக்கொடுத்த தமிழ்

நாளை பேரனுக்குப் பல்கலைக்கழகத்தில் முதல் நாள். கூடத்தில் உட்கார்ந்து காலணிக்குக் கறுப்பு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். அந்த வாசனை வந்ததும் நினைவில் நீ வந்துவிட்டாய். பல்கலைக்கழக விடுதியில் முதல் வாரம், ஒரே அறைக்காரர்களான நீயும் நானும் எத்தனை ஜோடிகளுக்குப் பாலிஷ் போட்டோம்! ஒன்றுகூட நம்முடையதல்ல.

மலாயா சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு அது. நம் மூத்த மாணவர்கள் கொள்கைப் பிடிப்புள்ளவர்கள். வெள்ளைக்காரன் உடனே வெளியேற வேண்டும் என்று தீர்மானம் எழுதுவார்கள். எழுதி முடித்த கையோடு, புதியவர்களில் எவன் குனிந்து வணங்கி 'சார்' போடவில்லை என்று விசாரிப்பார்கள். இரண்டுக்கும் ஒரே அறை, ஒரே தலைவர்.

தலைவர் தமிழர். சாப்பாட்டுக் கூடத்தில் உன் கழுத்தில் தொங்கிய பெயர் அட்டையைப் படித்துவிட்டு நின்றார். மலாக்காவில் உன் ஊரான காஜா பேராங்கின் செட்டிக் குடும்பங்களில் பெயரும் கோயிலும் தமிழ், பேச்சு தலைமுறைகளாக மலாய் என்பது மலாக்காக்காரனான எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

"பேரு தமிழு, நெத்தியில திருநீறு, வாயத் தொறந்தா மலாய். நீ என்ன தமிழன்லா?"

நான் விளக்கியிருக்கலாம். ஒரு நிமிடம் போதும். அதற்குள் அவர் என்னைப் பார்த்து, "நீதான் இவனுக்கு வாத்தியாரு. தப்பா சொன்னா மொதல்ல நீ சிரிக்கணும்" என்றார். வாத்தியாருக்குப் பாலிஷ் வேலை கிடையாது என்றும் அறிவித்தார்.

மூன்று மாதம், மதிய உணவின்போது நீ நாற்காலிமேல் நின்று தமிழ் பேசினாய். நான் சிரித்தேன். அந்த ஆண்டு நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான். ஒரு மாலை அறைக்கு வந்தால், உன் பெட்டி பாதி அடுக்கியபடி கட்டிலில் கிடந்தது. படிப்பை விட்டுப் போய்விடுவாயோ என்று பயந்தேன். உனக்காகப் பயந்ததாகத்தான் அப்போது நினைப்பு. என் சிரிப்புதான் இருப்பதிலேயே சத்தம் என்று நீ மலாயில் சொல்லிவிட்டு, சட்டைகளை வெளியே எடுத்து வைத்தாய்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தோம். போகியன்று மறைந்தவர்களுக்குப் படைத்து முடித்தபின், உங்கள் வீட்டில் எனக்கும் இலை போட்டார்கள். உன் அம்மா எனக்குத்தான் முதலில் பரிமாறினார். அங்கே தன் மகனைப் பார்த்துக்கொள்பவன் நான்தானாமே, தமிழ்கூடச் சொல்லித் தருகிறேனாமே என்று கேட்டார். நீ குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் அடக்கமாகத் தலையாட்டினேன்.

அந்த வாத்தியார் பட்டம் உன் கல்யாணத்திலும் கூட வந்தது, உன் சாவு வீட்டிலும் வந்தது.

இந்த ஆண்டுப் போகிக்கு, மறைந்தவர்களோடு உனக்கும் ஓர் இலை. உன் தங்கை தன் பேரப்பிள்ளைகளிடம், பெரிய தாத்தாவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான் என்று என்னைக் காட்டினாள். உன் இலைக்கு எதிரே உட்கார்ந்து அதைக் கேட்க முடியவில்லை. அவள் பின்னாலேயே சமையலறைக்குப் போய், நாற்காலி, சிரிப்பு எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

அவள் சட்டியைக் கிளறுவதை நிறுத்தவில்லை. "தெரியும் அபாங்," என்று மலாயில் என்னை அண்ணனாக அழைத்துச் சொன்னாள். "அந்தப் பொங்கலுக்கு வந்த அன்னிக்கே எங்க அண்ணன் சொல்லிட்டாரு. மாக்குக்கும் தெரியும்."

தெரிந்துமா உன் அம்மா என்னைப் பாராட்டினார் என்று கேட்டேன்.

"திரும்பிப் போனா நீங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்தானே. அந்தப் பையனைத் திட்டி அனுப்பினா இன்னும் சிரிப்பான், நன்றி சொல்லி அனுப்பினா கூச்சப்படுவான்னு மாக் சொன்னாங்க."

அந்தப் பொங்கல் முடிந்து விடுதிக்குத் திரும்பிப் போன முதல் மதியம், நீ நாற்காலியில் ஏறியபோது நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்காததால் அடுத்தவன் சிரிக்கத் தயங்கினான். தலைவர் இரண்டு முறை என் பெயரைச் சொல்லி அதட்டினார். நான் எழுந்து, உன் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

என் வாழ்நாளின் ஒரே துணிச்சல் என்று அதை வைத்திருந்தேன். அது உன் அம்மா அன்று என் இலையில் பரிமாறியது. இருந்தாலும் வைத்திருக்கிறேன், வேறு இல்லை.