‘டிரெயினிங்’ என்ற சொல்லுக்கு நம் பக்கத்து அர்த்தம்

என் ஆசை ஸ்டெல்லாக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மதியம். பூசை முடிந்து வந்து அம்மா கோழிக்குழம்பு வைத்தாள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. நாளையிலிருந்து எனக்கு டிரெயினிங், அக்கா. இந்த ஒரு வரியைப் படித்ததும் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேறு யாரிடம் சொன்னாலும் ‘நல்லதுதானே’ என்பார்கள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நீ போன பிறகு நான் எங்கே வேலைக்குச் சேர்ந்தேன் தெரியுமா? நீ இருந்திருந்தால் என்னை விட்டிருக்க மாட்டாய். நீ அசெம்பிளி லைனில் நின்ற அதே கம்பெனி. ஆனால் எனக்கு ஆபீசில் வேலை. பி.ஏ. இங்கிலீஷ் படித்திருக்கிறேன் என்று, நோட்டீஸ்களைத் தமிழில் எழுதவும், வெளிநாட்டிலிருந்து வரும் அதிகாரிகள் பேசுவதை லைன் ஆட்களுக்குச் சொல்லவும் எடுத்தார்கள். கம்பெனி பஸ் பிள்ளைப்பாக்கத்திலேயே நின்று ஏற்றிக்கொள்கிறது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் முதல் நாளிலிருந்தே பயம். ஸ்டோருக்கு மேலே அந்த அறை இன்னும் இருக்கிறது. கதவில் ‘டிரெயினிங் ரூம்’ என்று புதிதாகப் பலகை மாட்டியிருக்கிறார்கள். அதன் மாடிப்படியைத் தாண்டித்தான் கேன்டீனுக்குப் போக வேண்டும். தலையைத் திருப்பாமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

உன் கதையை உன்னிடமே சொல்கிறேன், பொறுத்துக்கொள். இதை யாராவது எடுத்துப் படித்தால் அவர்களுக்கும் தெரியட்டும். உன் பக்கத்தில் நின்று வேலை செய்துகொண்டிருந்த பெண் மயங்கி விழுந்தாள். லைன் ஓடட்டும், ஓரமாகக் கிடத்துங்கள் என்றார் சூப்பர்வைசர். நீ சிவப்பு பட்டனை அழுத்தி லைனை நிறுத்திவிட்டாய். மறுநாள் உன்னை டிரெயினிங்குக்கு அனுப்பினார்கள்.

ஜன்னல் இல்லாத அறை. ஒரு நாற்காலி. திரும்பத் திரும்ப ஓடும் ஒரே வீடியோ. போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பாத்ரூம் போக வேண்டும் என்றால், “இரு, கேட்டுட்டு வரேன்” என்று போகிற ஆள் திரும்பி வரமாட்டார். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழ வேண்டும். என்றைக்கு முடியும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேலையை விடுகிறேன் என்று நீயாக எழுதிக் கொடுக்கிற வரைக்கும் அது முடியாது. கடைசியில் நீயும் எழுதிக் கொடுத்தாய்.

வீட்டில் நீ சொன்னது ஒன்றே ஒன்றுதான். “டிரெயினிங் போறேம்மா.” அம்மா அதைக் கேட்டு எப்படிப் பூரித்துப் போனாள்! “எம் பெரிய பொண்ண டிரெயினிங்குக்கு எடுத்துகீறாங்க, சூப்பர்வைசர் ஆக்கப் போறாங்க” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நீ திருத்தவில்லை. வேலையை விட்ட பிறகு, உடம்புக்கு முடியவில்லை என்று அம்மாவிடம் ஒரு காரணம் சொன்னாய். மாடியில் துணி உலர்த்தும்போது என்னிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னாய். “அம்மாவாண்ட சொல்லாத ஜெசி. அது சந்தோஷமா கீது, அப்படியே இருக்கட்டும்.” அடுத்த மழையில் காய்ச்சல் வந்தது, அதிலேயே போய்விட்டாய். நீ இல்லை.

அந்த வார்த்தை என்னை விடவே இல்லை, அக்கா. நீயும் நானும் கோயில் பாட்டுக்குழுவுக்குப் போனது பிராக்டீஸ். பெரியப்பா மகன் போலீஸ் வேலைக்காக ஸ்ரீபெரும்புதூர் போய் வருவது கோச்சிங். அம்மா தையல் கற்றுக்கொண்டது கிளாஸ். எதிர்வீட்டுக்காரர் அவர் நாயை உட்கார வைப்பதும் எழ வைப்பதும் பழக்குவது. அகராதியைத் திறந்தால் எல்லாம் ஒன்றுக்கொன்று உறவுதான். காலேஜில் ஒத்த பொருள் சொற்கள் என்று இவற்றை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன். லைனில் டிரெயினிங்குக்கு இருக்கிற அர்த்தத்தை எந்த அகராதியும் போடவில்லை. “அவ எங்கடி?” “டிரெயினிங்.” கேட்டவள் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, லீவு வேண்டும் என்று ஒருத்தி வந்தால் சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே கேட்பார்: “இன்னாமா, டிரெயினிங் போறியா?” அவள் உடனே, “இல்ல சார், ஓ.டி. வேணா பாக்குறேன்” என்று கூடுதல் நேர வேலைக்கு நிற்பாள்.

போன வாரம் வெளிநாட்டிலிருந்து ஒரு புது அதிகாரி வந்தார். கேன்டீனில் லைன் பெண்களை உட்கார வைத்துக் கூட்டம். நான் அவர் பக்கத்தில் நின்றேன். எச்.ஆர். மேனேஜர் இன்னொரு பக்கம். அதிகாரி சாதாரணமாகத்தான் பேசினார். நீங்கள் நன்றாக வேலை செய்கிறீர்கள், உங்களுக்கு இன்னும் நிறைய டிரெயினிங் தர ஆசைப்படுகிறேன், யாருக்கெல்லாம் வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டார். அவர் வாயில் அந்தச் சொல்லுக்கு அகராதியில் உள்ள அர்த்தம்தான். அதைப் ‘பயிற்சி’ என்று சொல்ல நான் வாய் திறப்பதற்குள் அந்த ஒரு சொல் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த குமாரி அக்கா மட்டும் எழுந்து கும்பிட்டாள். ஓரகடத்துப் பக்கத்திலிருந்து வருகிறவள், பேரப்பிள்ளை எடுத்த வயசு.

“சார், வேணாம் சார். நான் இன்னா தப்பு பண்ணேன்? கால் வீங்கிப்போச்சுன்னு நேத்து கொஞ்சம் ஒக்காந்தேன், அதானே? இனிமே ஒக்கார மாட்டேன் சார். என்ன அனுப்பாதீங்க.”

அவள் அழுதாள். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொல்கிறார், ஏன் அழுகிறார் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன் எச்.ஆர். மேனேஜர் முந்திக்கொண்டு, சந்தோஷத்தில் அழுகிறார், உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்றார். அதிகாரி குமாரி அக்காவின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். “நீங்கள் சொல்லுங்கள்” என்றார்.

மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் சம்பளம்தான் வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம், அக்கா. ஆமாம் சார், நன்றிதான் சொல்கிறார் என்று சொல்லிவிட்டால் அந்த நிமிஷம் போய்விடும். சொல்ல வாயெடுத்தும் பார்த்தேன். வந்தது வேறு. “தன்னைத் தண்டிக்க வேண்டாம் என்று கெஞ்சுகிறார் சார். இங்கே டிரெயினிங் என்றால் அதுதான்” என்று இங்கிலீஷில் சொன்னேன். என்ன தண்டனை என்று கேட்டார். மாடியில் இருக்கிற அறையைச் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன்.

அவர் மாடி ஏறிப் போய்ப் பார்த்தார். இறங்கி வந்தபோது முகம் சிவந்திருந்தது. விசாரிக்கிறேன் என்றார். குமாரி அக்காவை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை. ஆனால் அவர் விருந்தாளி மாதிரி வந்தவர், வெள்ளிக்கிழமை விமானம் ஏறிவிட்டார். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கோபமே இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

“உனக்கு டிரான்ஸ்லேஷன் இன்னும் சரியா வரலம்மா. திங்கக்கிழமைலேர்ந்து டிரெயினிங்.”

பஸ்ஸில் குமாரி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்குன்னு பேசி நீ மாட்டிக்கினியே, பாப்பா” என்றாள். ஊர் வரும்வரை கையை விடவில்லை.

இன்றைக்குச் சாப்பிடாததைப் பார்த்து அம்மா கேட்டாள். மறைக்க முடியவில்லை. “நாளைக்கு எனக்கு டிரெயினிங்மா” என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியவில்லை, அக்கா. “உனக்குமா? அக்கா மாதிரியே! அவளுக்குத்தான் குடுத்து வெக்கல” என்றாள்.

உன் பேச்சை மீறிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த நாற்காலி, வீடியோ, நீ ஏன் வேலையை விட்டாய், எல்லாம். அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

“எம் பொண்ண பாத்ரூமுக்குக்கூட உடலியா?”

நான் தலையாட்டினேன். கரண்டியை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். “நாளைக்கு நானும் வரேன். கேட்டாண்ட ஒக்காந்துகினு இருப்பேன். நீ வெளிய வந்தாத்தான் எழுந்திருப்பேன்.”

“செக்யூரிட்டி தொரத்துவாங்கம்மா.”

“தொரத்தட்டும். ரோடு அவன் அப்பன் வூட்டு ரோடா?”

சிரிப்பு வந்தது. உடனே பயமும் வந்தது. அந்த ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியாதா? வெயிலில் எவ்வளவு நேரம் உட்காருவாள்? யாராவது கையைப் பிடித்து இழுத்தால்? உள்ளே இருக்கிற எனக்கு அது தெரியவே தெரியாது. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. நீ என்றால் அவளைத் தடுத்திருப்பாயா? இல்லை, நீயும் கூடவே போய் உட்கார்ந்திருப்பாயா?

நான் உன்னைப் போல இல்லை, அக்கா. நீ லைனையே நிறுத்தியவள். எத்தனை நாள் தாங்குவேன் என்று தெரியாது. கடைசிவரை நிற்பேன் என்று பெரிதாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என்னால் தர முடிந்த வாக்கு சின்னது. நாளைக்கு அவர்கள் என்ன தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போட மாட்டேன். நாளை மறுநாள் எப்படி என்று கேட்காதே. நாளைக்கு மாட்டேன்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
ஜெசி