ஓரடி பின்னால்

ஜூன் 4, வியாழன்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. நாலு பாத்தி உப்பு வாரி முடித்தோம். உள்ளங்கை எரிச்சல். வாங்க வேண்டியவை: தேங்காய் எண்ணெய், முழங்கால் பட்டை, வீட்டுக்காரி லூர்துக்குத் தலைவலி மாத்திரை.

சாயங்காலம் ஃபுட்பால் பிராக்டிஸ். பாண்டியிலிருந்து வந்திருக்கும் புதுக் கோச்சுக்கு எங்கள் ஆட்டம் பிடிக்கவில்லை. "இன்னாய்யா ஆட்டம் இது? அஞ்சு பேரும் கோல் போஸ்ட்டாண்டயே குந்திக்கினு இருக்கீங்க." அந்த ஐந்து பேரை வைத்துத்தான் மூன்று மேட்ச் ஜெயித்தோம். எதிராளியை உள்ளே வரவிடுவது. பந்தைப் பிடுங்குவது. முன்னால் தனியாக நிற்கும் டேவிட்டுக்கு ஒரே உதை. ஓடுவான், போடுவான். 1-0. அது போதாதாம்.

பின்னால் போவதில் எங்களை அடிக்க ஆள் கிடையாது. பலகையை இழுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து உப்பு வாருகிறவர்கள். வரப்பு எங்கே என்று திரும்பிப் பார்க்காமலே காலுக்குத் தெரியும். கோச் முன்னால் போகச் சொல்கிறார். கேப்டன் நான் கை தூக்கினால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஓரடி முன்னால். எதிராளி எங்களுக்குப் பின்னால் மாட்டுவான், ஆஃப்சைடு. ஒருத்தன் பின்தங்கினாலும் காரியம் கெட்டது.

ஜூன் 7, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. செமி ஃபைனல், கிளியனூரோடு. தோற்றோம். 0-1, கடைசி நிமிடம்.

கை தூக்கினேன். முன்னால் ஏறினோம். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கவில்லை. கிளியனூர்க்காரன் தனியாகப் போய்க் கோல் போட்டுவிட்டான். எங்களில் ஒருத்தன் பின்னால் நின்றிருக்கிறான்.

பாண்டி கம்பெனி டீம் மேனேஜர் வந்திருந்தார். லூர்துவின் தம்பி அந்தோணியைப் பார்க்கத்தான். எனக்கு வலப்பக்கம் ஆடுகிறவன், பாத்தியிலும் என் ஜோடி. டீமில் எடுத்தால் கம்பெனியிலேயே வேலை. உப்பளத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். என்னைப் போன மாதமே வயசு தாண்டிவிட்டது என்று கழித்துவிட்டார். முப்பத்து மூன்று.

நேராக என்னிடம் வந்தார். "கேப்டன், உங்களுக்குத்தான் தெரியும். ஏறாம நின்னது யாரு?"

"அந்தோணிதாங்க."

நான் யோசிக்கவே இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தோணி பக்கத்தில்தான் நின்றான். "மாமா, நான் ஏறினேன் மாமா." ஒரே தடவைதான் சொன்னான்.

ஜூன் 8, திங்கள்

கம்பெனியில் வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். அந்தோணி வேலைக்கு வரவில்லை. குழம்பில் உப்பு இல்லை. எங்கள் வீட்டில்!

லூர்து: "அவன் ஏறினேன்றான். நீங்க ஏறலன்றீங்க. நான் யார நம்பட்டும்?"

"கேப்டன் நானா அவனா?"

"வூட்லயுமா கேப்டன்?"

தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன்.

ஜூன் 10, புதன்

கிளியனூர் கீப்பர் பழைய சிநேகிதம். கோல் வீடியோவை எனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. டீ நேரத்தில் உப்புக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். நிறுத்தி நிறுத்தி.

அந்தோணி முன்னால். மற்ற மூன்று பேரும் முன்னால். கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவன் மட்டும் பின்னால். கை மேலே, கால் பின்னே. பலகை இழுக்கும்போது வைக்கிற அதே அடி.

ஏழு தடவை பார்த்தேன்.

பழக்கதோஷம் என்று எழுதி அடித்துவிட்டேன். கால் பழக்கத்தில் போனது, சரி. வாய்? மேனேஜர் கேட்டபோது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. இவனும் போகமாட்டான் என்று. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும், இங்கேயாவது.

மேனேஜர் நம்பர் போனில் இருக்கிறது. கூப்பிடவில்லை. டீ ஆறிவிட்டது.

ஜூன் 11, வியாழன்

கடல்காற்று சரியாக இல்லை. புழுக்கம். முழங்கால் பட்டை இன்னும் வாங்கவில்லை. வீடியோவை அழித்துவிட்டேன். அந்தோணியிடம் இருப்பது பட்டன் போன், அவனுக்கு வர வழியில்லை.

இன்றைக்கு வேலைக்கு வந்துவிட்டான். ஒரே பாத்தி, ஆளுக்கொரு பலகை, பக்கம் பக்கமாகப் பின்னால் நடந்தோம். முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கணக்கு தப்பியது, எத்தனை அடி வந்தேன் என்றே தெரியவில்லை.

"மாமா, பின்னாடி வரப்பு. பாத்து."

நாலு நாளில் அவன் பேசிய முதல் பேச்சு.

"தெரியும்டா" என்றேன்.