ஸ்லைடரைத் தேடாதீங்க

என்னங்க,

பாராசூட்டை மடிக்க எடுத்தா கண்ணுல படும்னுதான் இதைப் பைக்குள்ள வெக்கிறேன். வாயால சொன்னா எங்க கேக்கறீங்க?

உயரம் கம்மியான பாறையிலருந்து குதிக்க ஸ்லைடர் துணி வேணாம், அது பாராசூட் விரியறதை லேட்டாக்கும்னு உங்க கூட்டாளி ஜெர்ரி தலைப்பாடா அடிச்சிக்கினான். "படக்குனு விரிஞ்சா கழுத்து வலிக்குது"ன்னு அதைப் போட்டுக்கினே குதிச்சீங்க. கழுத்து நல்லாதான் இருக்குது. கால்தான் புத்தூர் கட்டுல கெடக்குது.

கட்டுகூட பிரிக்கல, அதுக்குள்ள நகரி மலையிலருந்து குதிக்க நாள் குறிச்சிட்டீங்களாமே!

ஜெர்ரியை வெச்சி ஸ்லைடரைக் கழட்டிட்டேன்.

அன்னிக்குக் கீழ நின்னு கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன். ஆமென் சொல்றதுக்குள்ள தரையில கெடந்தீங்க. இந்தத் தடவை கண்ணைத் தொறந்துக்கினேதான் ஜெபம் பண்ணப்போறேன்.

இப்படிக்கு,
கீழ நிக்கப்போற உங்க வீட்டுக்காரி