ஸோவாவின் பங்கு

அன்பு மகள் மாவீக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றுமில்லை, மழை விடாததால் அப்பாவின் முழங்கால் வலியும் விடவில்லை, அவ்வளவுதான். நீ நலமாக இருக்க வேண்டும். கர்த்தருடைய கிருபையால் என்று எப்போதும் தொடங்குவேன், இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். அன்றைக்குப் போனில் நீ, அந்தக் காலையில் கர்த்தர் எங்கே போயிருந்தார், இனிமேல் நான் எதற்கு ஜெபம் பண்ண வேண்டும் என்று கேட்டாய். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் சொல்ல ஒன்றுமில்லை.

உன் தம்பி ஸோவாவை அடக்கம் பண்ணின அன்று வழியெல்லாம் மண் சரிந்து கிடந்து நீ பெங்களூரிலிருந்து கிளம்பியும் வந்து சேர முடியவில்லை. வராததே நல்லது என்று இப்போது நினைக்கிறேன். கல்குவாரியில் மலை சரிந்து பிள்ளையை மூடிவிட்டது, வந்திருந்தால் அந்தத் துக்கத்தோடு, துக்கம் கேட்க வந்தவர்கள் பேசின பேச்சையும் நீ கேட்க வேண்டியிருந்திருக்கும். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். குழி வெட்டினார்கள், துக்க வீட்டு வழக்கப்படி நம் கூடத்திலேயே தங்கி மத்தளம் தட்டிப் பாடினார்கள், பாடாத நேரம் வாயைத் திறக்கவில்லை. வெறுத்துப்போனதெல்லாம் பெரியவர்களைப் பார்த்துத்தான். நம் சபை மூப்பர் சுங்கா, வாயெல்லாம் பாக்குச் சிவப்பு, என் கையைத் தன் ஈரக் கைக்குள் பொத்திக்கொண்டு, கர்த்தர் தம் தோட்டத்துக்கு அழகான பூவாகப் பார்த்துப் பறித்துக்கொண்டார் என்றார். கையை உருவிக்கொண்டேன். "பூ வேணும்னா அவரே ஒண்ணு நட்டு வளத்துக்கட்டும் மூப்பரே, இது நான் வளத்தது" என்றேன். ஒரு பையன் அவசர அவசரமாக மத்தளத்தைத் தட்டிப் பாட்டை ஆரம்பித்தான்.

பக்கத்து வீட்டு ரோகிமி அவருக்கும் ஒரு படி மேலே. நம் வீட்டு டீயை உறிஞ்சிக்கொண்டே, ஸோவா முந்தின ஞாயிறு ஆராதனைக்கு வராமல் ஆற்றில் மீன் பிடிக்கப் போனதை எனக்கு ஞாபகப்படுத்தினாள், கர்த்தர் காரணமில்லாமல் ஒன்றும் செய்ய மாட்டாராம். சீ. மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களைத்தானே அவர் முதலில் தம் சீடர்களாகக் கூப்பிட்டார் என்று நாக்கு நுனி வரை வந்தது. போகும்போது என்னை மாவீம்மா என்று கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டு போனாள். இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. அவன் பிறந்த நாளிலிருந்து ஸோவாம்மாவாக இருந்தவள் நான். அவன் பேரைச் சொன்னால் எனக்கு வலிக்குமென்று அவர்களே முடிவு பண்ணிவிட்டார்கள். உன் பேர் எனக்குக் கசக்குமா மாவீ, ஆனால் அவனை இப்படித் துடைத்து எடுப்பது அருவருப்பாக இருக்கிறது.

சோறு வைக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்து டப்பாவில் போடுவோமே, அதை நிறுத்தினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு வேளை தவறினதில்லை. நிறுத்தின அன்றும் கை தன் பாட்டுக்கு எடுத்துப் போட்டுவிட்டது, டப்பாவைக் கவிழ்த்து அந்தப் பிடியைத் திரும்பப் பானையிலேயே கொட்டினேன். பிள்ளையை எடுத்துக்கொண்டவருக்கு அரிசியும் வேண்டுமாக்கும். சனிக்கிழமை கூடையோடு அரிசி வாங்க வருவதும் அந்த ரோகிமிதான். முதல் வாரம் காலி டப்பாவைக் காட்டினேன், உதட்டைச் சுழித்துக்கொண்டு போனாள். போன சனிக்கிழமையும் காட்டலாமென்று ஆசையோடு மூடியைத் திறந்தால் உள்ளே பாதி டப்பா அரிசி. "பாத்தீங்களா மாவீம்மா, ஆண்டவர் உங்க கல்மனசை இளக்கிட்டார்" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்து அள்ளிக்கொண்டு போனாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

வேறு யார் போட்டிருப்பார்கள், வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். அப்பா பன்றிக் கொட்டிலில் இருந்தார். போய்க் கத்தினேன். மண்ணைத் தோண்டி மகனை வெளியே எடுத்த கை இது, இதே கையால் கர்த்தருக்கு அள்ளிப் போட எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். அப்பா பேசுகிறவர் இல்லை, உனக்கே தெரியும். பன்றித் தொட்டியைக் கையால் காட்டினார். "நீ இன்னும் மூணு பேருக்குத்தான் அரிசி அளக்குற ஸோவாம்மா. அவன் சோத்தைத் தினம் இந்தத் தொட்டியில நான்தான் கொட்டிட்டு இருந்தேன். என்னால முடியல. அதான் நீ அளந்து வச்சதும் ஒரு பிடி எடுத்து டப்பாவுல போட்டேன்" என்றார். அப்படியானால் இன்னும் அவரை நம்புகிறீர்களா என்று கேட்டேன். "தெரியல. அவன் பங்கை அவன்கிட்டக் குடுத்தனுப்ப எனக்கு வேற ஆள் தெரியல" என்றார். அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதேன் மாவீ, அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை.

இப்போது நானே போடுகிறேன். முன்பெல்லாம் கண்ணை மூடி நன்றி சொல்லிப் போடுவேன், இப்போது கண்ணைத் திறந்துகொண்டு ஏன் என்று கேட்டுப் போடுகிறேன். உன் கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை, வந்துவிட்டது போலப் பேசுகிறவர்களை நம்பாதே, போனில் யாராவது பூப் படம் போட்டு ஆறுதல் அனுப்பினால் அழித்துவிடு. ஜெபம் வரவில்லையென்றால் திட்டு, ஆனால் அவரிடமே திட்டு, என்னிடம் கோள் சொல்வதுபோல் வேண்டாம். நேற்று நான் பானை கொதித்து வழிகிறவரை திட்டினேன். இல்லாதவரை யாராவது இவ்வளவு நேரம் திட்டுவார்களா என்று பாதியில் தோன்றியது, அதற்காக நிறுத்தவில்லை. காய்ந்த மூங்கில் குருத்தும் புகை போட்ட பன்றிக்கறியும் அனுப்பியிருக்கிறேன், வேலை முடிந்து வந்து பிஸ்கெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒருத்திதானே என்று அடுப்பை மூட்டாமல் இருக்காதே.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. இதை வேண்டுதலாக எழுதவில்லை, இவளையாவது காத்தே ஆகவேண்டும் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். அப்பாவின் முத்தங்கள். அடுத்த முறை போன் பண்ணும்போது அவன் பேரைச் சொல்லிப் பேசு, மறக்காதே.

இப்படிக்கு உன் அம்மா,
ஸோவாம்மா